பதினான்கு நாள் பார்வை

நூற்று அறுபத்து மூன்று நாள் கழித்துக் குமரவேல் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தபோது செங்குட்டுவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, தூக்கம். ஆள் வந்துவிட்டான், இனிமேல் கொஞ்சம் படுக்கலாம் என்று உடம்பு தானாகவே முடிவு செய்துகொண்டதுபோல் இருந்தது. காலை ஆறு மணி. வெயில் இன்னும் ஏறவில்லை. ஓய்வுக் கொட்டகையின் இரும்புத் தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியா," என்றார்.

குமரவேல் சிரித்தான். வாயின் வலது ஓரம் மட்டும் சற்றுத் தாமதமாகச் சிரித்தது.

சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைத் தூரத்துக்கு எடுத்துப் போகும் கன்வேயர் பெல்ட்டுகளில் ஒன்றுக்குச் செங்குட்டுவன் ஷிப்ட் பொறுப்பாளர். ஐம்பத்தோரு வயது. சாதாரண ஹெல்பராகச் சேர்ந்து, அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர். அந்த பெல்ட்டை இழுக்கிற மோட்டார்கள் இருக்கும் தலைப்பகுதியை 'டிரைவ் ஹெட்' என்பார்கள். அங்கே நின்று பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் குமரவேல். மோட்டார் சத்தம் மாறுவதை மற்றவர்களுக்கு முன்னால் அவன் காதுதான் கண்டுபிடிக்கும். போன ஐப்பசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். நாற்பத்து மூன்று வயது.

ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் பேர் ஷிப்ட் ஆள் பட்டியலில் இருந்தது. பேர் இருக்கிற இடத்துக்கு வேறு ஆள் தர மாட்டார்கள். மற்ற ஆபரேட்டர்கள் கொளஞ்சிநாதனும் அறிவழகனும் மாறி மாறி டபுள் ஷிப்ட் பார்த்தார்கள். ஓவர்டைம் கிடைக்கிறது என்று முதல் மாதம் யாரும் முணுமுணுக்கவில்லை. மூன்றாவது மாதம் கொளஞ்சிநாதன் நின்றுகொண்டே தூங்கினான். ஐந்தாவது மாதம் அறிவழகன் வீட்டில் சண்டை. இரண்டு பேரும் இல்லாத நாளில் செங்குட்டுவனே டிரைவ் ஹெட்டில் நின்றார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. சாப்பிடுகிற நேரத்தில் சாப்பிட முடியாமல் இரண்டு தடவை கண் இருட்டி உட்கார்ந்திருக்கிறார். மனைவி சத்யாவிடம் அதைச் சொல்லவில்லை.

பர்சனல் ஆபீசர் சண்முகப்பிரியா மாதம் தவறாமல் போன் செய்வாள். "குமரவேல் எப்படி இருக்கார்? போய்ப் பாத்தீங்களா? லீவு கடுதாசி வந்திருக்கு, ஆனா கடுதாசி வேற, ஆளைப் பாத்து நாலு வார்த்தை பேசிட்டு வந்து சொல்றது வேற. போய் பாருங்க." செங்குட்டுவன் மூன்று தடவை குவார்ட்டர்ஸுக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் குமரவேலின் மனைவி பவித்ராதான் பேசினாள். நடக்கிறார், சாப்பிடுகிறார், கை நன்றாக வந்துவிட்டது என்றாள். குமரவேல் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான், சிரித்தான். களைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு செங்குட்டுவன் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். அவருக்கும் ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மருத்துவப் பரிசோதனையில் கையை மடக்கச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், படி ஏறச் சொன்னார்கள். எல்லாம் செய்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் கூடப் போயிருந்த பவித்ரா முந்திக்கொண்டு பதில் சொன்னாள். வேலைக்குத் தகுதி என்று சான்றிதழ் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. முதல் பதினான்கு நாள் அவனைத் தனியாக விடக் கூடாது. பொறுப்பாளர் தினமும் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினாலு நாள்னா பதினாலு நாள்," என்று சண்முகப்பிரியா அந்தப் படிவத்தைக் கொடுக்கும்போது சொல்லியிருந்தாள். "ஆளு குறையுதுன்னு முன்னாடியே தனியா நிக்க வெச்சிடாதீங்க."

"சரிங்க மேடம்," என்று செங்குட்டுவன் சொல்லியிருந்தார்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. பெல்ட் நெடுகக் குமரவேலோடு நடந்தார். ஒரு இடத்தில் குமரவேல் நின்றான், காதைச் சாய்த்தான், அடியில் சுற்றுகிற உருளைகளில் ஒன்றைக் காட்டினான். தொட்டுப் பார்த்தால் சூடு. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று செங்குட்டுவன் படிவத்தில் 'திருப்தி' என்று எழுதினார்.

இரண்டாம் நாள் டீ வந்தது. "வேணுமா?" என்று அறிவழகன் கேட்டான். "வேணாம்," என்று சொல்லிவிட்டுக் குமரவேல் கிளாஸுக்குக் கை நீட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூன்றாம் நாள் ஏணியில் நின்ற ஹெல்பரிடம் "மேல, இன்னும் மேல" என்று சொல்லிக்கொண்டே கையைக் கீழே காட்டினான். ஹெல்பர் கையைப் பார்த்துக் கீழே இறங்கினான். செங்குட்டுவன் இதைப் பார்த்தார். கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் போன் வந்தது, பேசப் போய்விட்டார். போன் வந்தது நல்லதாகப் போயிற்று என்று அவருக்கே ஒரு நிம்மதி இருந்தது. பின்னாளில் தன்னை அவர் மன்னிக்க முடியாமல் போனது அந்த நிம்மதிக்காகத்தான்.

நான்காம் நாள் மத்தியானம் கொளஞ்சிநாதன் கொட்டகைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"அண்ணே, நாளைக்கு என்னால டபுள் பாக்க முடியாது. குறிஞ்சிப்பாடியில எறங்க வேண்டியவன் பஸ்ல தூங்கிட்டு கடலூர்ல போய் எறங்கறேன். எம்பொண்ணு என்ன படிக்குதுன்னு எனக்குத் தெரியலண்ணே. அதான் குமரவேலு வந்துட்டானே."

"வந்துட்டான்," என்றார் செங்குட்டுவன்.

அவன் போன பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மிச்சமிருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் 'திருப்தி' என்று எழுதினார். இன்னும் வராத தேதிகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். மறுநாளிலிருந்து குமரவேல் தனியாக நின்றான். பதினான்காம் நாள் படிவம் டைம் ஆபீஸுக்குப் போனது. கொளஞ்சிநாதன் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் தூங்கினான். எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். பெல்ட்டுக்கு அடியில் களிமண் பாளம் ஒன்று சிக்கிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்தி, யாரும் ஓட்டாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, ஒப்பந்தத் தொழிலாளிகள் நாலு பேர் உள்ளே போய் வெட்டி எடுத்தார்கள். வேலை முடிந்தது, நாலு பேரும் வெளியே வந்தார்கள், பூட்டைக் கழற்றினார்கள். உள்ளே போக எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு செங்குட்டுவன் டிரைவ் ஹெட்டை நோக்கி நடந்தார். அந்த நாலு பேரில் வளவன் என்பவனுக்கு அப்போதுதான் கடப்பாரையை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் குனிந்து திரும்பவும் உள்ளே போனான்.

மேலே நின்ற குமரவேல் அதைப் பார்த்தான். அவன் இடது கையில் இருந்த வாக்கி-டாக்கியில் கண்ட்ரோல் ரூம் ஜெயப்பிரகாஷின் குரல் வந்தது.

"டிரைவ் ஹெட், ஆளுங்கள்லாம் வெளிய வந்தாச்சா? ஓட்டலாமா?"

"வந்தாச்சு," என்றான் குமரவேல். "ஓட்டலாம், ஓட்டலாம்."

சொல்லும்போது அவன் வலது கை, வேண்டாம் வேண்டாம் என்று வெறி பிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. கண்கள் பெல்ட்டின் அடியையே பார்த்தன. இருபது அடி தூரத்தில் வந்துகொண்டிருந்த செங்குட்டுவன் அந்தக் கையைப் பார்த்தார், வாயைக் கேட்டார். இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்று ஒரு கணம் புரியவில்லை. பெல்ட் ஓடப் போகிறது என்று எச்சரிக்கும் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. பெல்ட் நெடுக ஒரு சிவப்புக் கயிறு ஓடும், அவசரத்துக்கு அதை இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். செங்குட்டுவன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார்.

சைரன் அடங்கியது.

"யாருங்க கயிறு இழுத்தது?" என்றது ஜெயப்பிரகாஷின் குரல்.

செங்குட்டுவன் குமரவேலின் கையிலிருந்து வாக்கி-டாக்கியை வாங்கினார். "நான்தான். உள்ள ஆள் இருக்கான். நான் சொல்ற வரைக்கும் தொடாத."

"குமரவேலண்ணன் வந்தாச்சுன்னு சொன்னாருங்களே?"

"நான் சொல்ற வரைக்கும் தொடாதன்னேன்."

வளவன் கடப்பாரையோடு வெளியே ஊர்ந்து வந்தான். முட்டியில் களிமண். செங்குட்டுவன் அவன் தோளைப் பிடித்துத் தூக்கியபோது சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்தது.

"காச்சலோட ஏண்டா வந்த?"

"காலையிலயே இருந்துதுங்க. வூட்ல படுத்துகினா நாளைக்கு என் எடத்துல வேற ஆளு நிப்பான் சார்." சொல்லிவிட்டுத் திரும்பி இருட்டாகக் கிடந்த பெல்ட்டின் அடியைப் பார்த்தான். "தல சுத்திகினே இருந்துது. கடப்பாரைய மறந்துட்டேங்க. தப்புதான்."

தப்பு அவனுடையது இல்லை என்று செங்குட்டுவனுக்குத் தெரியும். வேனில் ஏற்றி முதலுதவி அறைக்கு அனுப்பினார். பிறகு அறிவழகனை வரவழைத்து டிரைவ் ஹெட்டில் நிறுத்திவிட்டுக் குமரவேலைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

குமரவேல் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "நல்ல வேளைண்ணே. நான் வேணாம் வேணாம்னு சொல்றேன், அவன் பாட்டுக்கு சைரனப் போடறான்."

செங்குட்டுவன் அவனையே பார்த்தார். "குமரவேலு, நீ ஓட்டலாம்னு சொன்ன."

"இல்லண்ணே."

"என் காதால கேட்டேன். கை வேணாம்னுச்சு. வாய் ஓட்டலாம்னுச்சு."

குமரவேல் மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே கொதிக்கிற வெயிலில் ஒரு டம்பர் லாரி போய், தூசி கொட்டகைக்குள் வந்து அடங்கியது.

"தெரியும்ண்ணே," என்றான் கடைசியில். "நெனைக்கறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. சில சமயம் தப்பா வந்துதுன்னு எனக்கே தெரியும். சில சமயம் அதுவும் தெரியல. வூட்ல பவித்ரா தெனமும் சொல்லிக் குடுக்கறா. கதவத் தெறன்னு அவ சொன்னா தெறக்கறேன், நான் சொல்லும்போது மூடுன்னு வருது. போகப் போக சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரு... இல்ல, அவரு சொல்லல. நாங்களா நெனச்சிகினோம்." ஒவ்வொரு வார்த்தையையும் கால் வைத்துப் பார்த்து மிதிப்பதுபோல் சொன்னான். "ஆபீஸுக்கு எழுதிடுவீங்களா?"

செங்குட்டுவனுக்கு மூன்றாம் நாள் ஏணிக்குக் கீழே நின்றது ஞாபகம் வந்தது. இவன் மறைத்தது இருக்கட்டும். பார்த்தவன் நான்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போ," என்றார்.

மறுநாள் சாயங்காலம் பவித்ரா செங்குட்டுவனின் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். தனியாக. சத்யா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எழுதாதீங்கண்ணே. இன்னும் ரெண்டு மாசம் டைம் குடுங்க. அவரு சும்மா வூட்ல இருந்தா செத்துருவாரு. அந்த அஞ்சரை மாசம் எப்படி இருந்தாருன்னு நான்தான் பாத்தேன். செவத்தப் பாத்துகினு ஒக்காந்திருப்பாரு. யூனிபார்ம் போட்ட அன்னிக்குத்தான் மனுஷனா எழுந்தாரு."

"தெரியுதும்மா."

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே."

"ஆவல. இன்னும் பத்து எண்றதுக்குள்ள ஆயிருக்கும். அந்தப் பையன் பேரு வளவன். வூட்ல அம்மா மட்டுந்தான் இருக்காங்களாம். நேத்து கேட்டேன்."

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரிசோதனையில அவரைப் பேச விடாம நீ பேசின," என்றார் செங்குட்டுவன். குரலில் கோபம் இல்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. "நான் பதினாலு நாள் பாக்க வேண்டியத நாலு நாள்ல கையெழுத்துப் போட்டு முடிச்சேன். உனக்கு அவரு வேலைக்குப் போனாப் போதும்னு இருந்துது. எனக்கு ஆள் வந்தாப் போதும்னு இருந்துது. ரெண்டு பேருமா சேந்துதான் அவரை அங்க நிக்க வெச்சோம். அவரு பேச்சு மாறுறத எழுதத்தான் போறேன். நீ செஞ்சத வேணாம்னா விட்டுடறேன். நான் செஞ்சத எழுதுவேன்."

அவள் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். வாசல் வரை சத்யா கூடப் போனாள். திரும்பி வந்து தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிடுங்க, மாத்திரை போடணும்," என்று மட்டும் சொன்னாள்.

சண்முகப்பிரியாவின் மேஜையில் கோப்புகள் இரண்டு அடுக்காக இருந்தன. எல்லாம் லீவில் இருக்கிறவர்கள். இடுப்பு, இதயம், குடி, மனசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். அவள் செங்குட்டுவன் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத்தையும் படித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தாள்.

"நாலாம் நாளே எல்லாக் கையெழுத்தும் போட்டீங்களா?"

"ஆமாம் மேடம்."

"ஏன்?"

"ஆள் இல்ல மேடம்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "அது பொய்யும் இல்ல. அதான் கஷ்டம். உங்களுக்கு மெமோ வரும், செங்குட்டுவன். நான் தடுக்க முடியாது."

"வரட்டுங்க. அவன் வேலை போயிடுமா மேடம்?"

"ஏன் போகணும்? வேலைக்குச் சேந்த பிறகு உடம்புல குறை வந்தா, அதக் காரணம் காட்டி வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பேச்சு இப்படிப் பாதிக்கறதும் அதுல வருது. நெலையான குறைதான்னு மெடிக்கல் போர்டு சொல்லணும். முடிஞ்ச வேற வேலைக்கு மாத்தணும். மொதல்லயே சொல்லியிருந்தா மொதல்லயே மாத்தியிருப்பேன்." கோப்பு அடுக்கைத் தள்ளி வைத்தாள். "எங்கிட்ட வந்து சொன்னா வேலை போயிடும்னு நெனைக்கறாங்க. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. நான் அனுப்பற கடுதாசி எல்லாம் அப்படித்தான் இருக்கு."

எல்லாம் முடிய ஒன்றரை மாதம் ஆனது. குமரவேலைத் திரும்பவும் பரிசோதித்தார்கள், இந்தத் தடவை பவித்ராவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு. கருவிகள் வைக்கிற ஸ்டோருக்கு, பகல் வேலைக்கு மாற்றினார்கள். எண் ஒட்டிய அலமாரியிலிருந்து சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது அவனுக்குத் தடுமாற்றம் குறைவு. பேசினால்தான் வார்த்தை மாறியது. சம்பளம் குறையவில்லை. ஆனால் இருபது வருஷம் ஓடுகிற பெல்ட்டின் சத்தத்தில் நின்றவனுக்கு அந்த அமைதியான அறை தண்டனையாகத்தான் இருந்தது. செங்குட்டுவன் ஸ்டோருக்குப் போனால் சீட்டை வாங்குவான், சாமானைக் கொடுப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான்.

மெமோ வந்தது. செங்குட்டுவன் பதில் எழுதினார். ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. அவருடைய ஷிப்டில் திரும்பவும் ஒரு ஆள் குறைந்தது, திரும்பவும் டபுள். கொளஞ்சிநாதன் ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னான், "இவரு நல்லவரா இருக்கறதுக்கு நாங்க முழிச்சிகினு இருக்கணும்." யாரும் அவனை அடக்கவில்லை. செங்குட்டுவனுக்கும் தெரிந்தது, அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அவர் செய்த ஒரே காரியம், ஆள் கேட்டு வாரா வாரம் கடிதம் எழுதியது. எழுதுவார், பதில் வராது, அடுத்த வாரம் திரும்ப எழுதுவார்.

வளவனைப் பிறகு அதிகம் பார்க்கவில்லை. காய்ச்சல் டைபாய்டு என்று ஆனது. மூன்று வாரம் வரவில்லை. அவன் இடத்தில் வேறு ஆள் நின்றான். செங்குட்டுவன் அந்தக் கான்ட்ராக்டரின் மேஸ்திரியைத் தேடிப் போய் இரண்டு தடவை பேசினார். இரண்டாவது தடவை குரல் உயர்ந்தது. வேறொரு பெல்ட்டில் வளவனைச் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கெட்டில் செங்குட்டுவன் கீரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பவித்ரா வந்து நின்றாள். அவர் ஒதுங்கப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்மா. அவன்?"

"பாண்டிச்சேரியில பேச்சுப் பயிற்சிக்குப் போறோம், வாரம் ஒரு நாள். தெனமும் ஒரு மணி நேரம் பேப்பரச் சத்தமாப் படிக்கறாரு. வார்த்தை முன்னவிட தேவல." வெண்டைக்காயின் முனையை உடைத்துப் பார்த்தாள், கூடையில் போட்டாள். "உங்க மேல கோவம் போகல. உங்க பேரச் சொன்னாலே எழுந்து போயிடறாரு."

"போகட்டும்மா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு வேலைக்கு வந்தாரே பத்தொம்பது நாளு, அந்தப் பத்தொம்பது நாளும் ஷிப்ட் முடிஞ்சி பஸ் வர்ற வரைக்கும் போனக் கையில புடிச்சிகினே ஒக்காந்திருந்தேண்ணே. என்ன சேதி வருமோன்னு. சோறு பொங்கக்கூட கீழ வெக்கல. பிள்ளைங்க கூப்ட்டா காதுல விழல. உங்க வூட்டுக்கு வந்து எழுதாதீங்கன்னு கெஞ்சிட்டுப் போனேன் பாருங்க, நீங்க எழுதத்தான் போறேன்னு சொல்லிட்டீங்க. அன்னிக்குப் போய்ப் படுத்தவதான், காலையில ஏழு மணிக்குப் பெரியவ எழுப்பினா. அப்படித் தூங்கினேன். அவருகிட்ட இத நான் சொல்லல."

செங்குட்டுவன் கையில் கீரைக்கட்டோடு நின்றார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காய்க்காரியிடம் பாக்கியை வாங்கிக்கொண்டு, கூடையை ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, போய்விட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது போன் அடித்தது. அறிவழகன். அன்று இரண்டாம் ஷிப்ட் அவனுக்கு. ராத்திரியிலிருந்து காய்ச்சல் என்றான். குரலே கம்மிப் போயிருந்தது. "மாத்திரை போட்டுகினு வந்துடட்டுமாண்ணே? ஆளு இல்லியே."

"வேணாம்," என்றார் செங்குட்டுவன். "படு. டாக்டரைப் பாரு. கொறஞ்ச பிறகு வா."

"அப்ப டிரைவ் ஹெட்ல யாருண்ணே?"

"நான் பாத்துக்கறேன்."

சத்யாவிடம் கீரையைக் கொடுத்துவிட்டு, மதியத்துக்கான மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பா இரண்டு கட்டச் சொன்னார். ஷிப்ட் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.